ஜானி கேஷ் வித் ஹிஸ் ஹாட் அண்ட் புளூ கிட்டார்

அமெரிக்கக் கன்ட்ரி இசைப் பாடகர் ஜானி கேஷின் (1932–2003) முதல் இசைத்தொகுப்பு. டென்னசி மாநிலத்து மெம்பிஸ் நகரில் இயங்கிய சன் ரெக்கார்ட்ஸ் நிறுவனம் 1957 அக்டோபர் 11 அன்று இதை வெளியிட்டது. அந்நிறுவனத்தின் முதல் நீண்ட ஒலித்தட்டும் (எல்.பி.) இதுவே, இதன் வரிசை எண் 1220. தயாரிப்பாளர் சாம் ஃபிலிப்ஸ். தொகுப்பில் பன்னிரண்டு பாடல்கள் உள்ளன. அவை ஒரு தொகுப்புக்கென்று திட்டமிட்டுப் பாடப்பட்டவை அல்ல. 1955 முதல் 1957 வரை வெவ்வேறு நாள்களில் பதிவானவற்றை, முன்பே ஒற்றைத் தட்டுகளாக வெளிவந்து வெற்றி பெற்ற நான்கு பாடல்களோடு சேர்த்து அடுக்கியிருக்கிறார்கள். ஆகவே ஒரு பாடகர் தம் குரலுக்கு உரிய வழியைத் தேடிக் கண்டடைந்த காலம் முழுவதையும் இதில் கேட்க முடிகிறது.

கேஷ் ஆர்கன்சா மாநிலத்தில் கிங்ஸ்லாந்து என்னும் ஊரில் பிறந்தவர். பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் ஏழை உழவர்களுக்காக அரசு அமைத்த டயெஸ் குடியிருப்பில் பருத்திக் காடுகளுக்கு நடுவே வளர்ந்தார். 1950இல் விமானப் படையில் சேர்ந்து, ஜெர்மனியின் லான்ட்ஸ்பெர்க் தளத்தில் சோவியத் மோர்ஸ் குறிகளை ஒட்டுக்கேட்டு எழுதும் பணியைச் செய்தார். அங்கேதான் மலிவு விலையில் ஒரு கிட்டார் வாங்கினார்.

1954இல் ஊர் திரும்பி, விவியன் லிபர்டோவை மணந்து மெம்பிஸில் குடியேறினார். வீட்டுச் சாமான்களை வீடு வீடாகச் சென்று விற்பது அவரது பிழைப்பானது. அண்ணன் ராய் வேலை பார்த்த கார் நிறுவனத்தின் பழுதுபார்க்கும் பிரிவில் இரண்டு மெக்கானிக்குகள் இருந்தனர். ஒருவர் லூதர் பெர்கின்ஸ், மற்றவர் மார்ஷல் கிரான்ட். மூவரும் மாலை நேரங்களில் கூடி வாசித்தபோது மூவர் கையிலும் சாதாரணக் கிட்டாரே இருந்தது. மூன்று பேரும் ஒன்றையே வாசித்தால் குழுவாகாது என்று வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். கிரான்ட் அதுவரை தொட்டறியாத பெரிய பேஸ் வயலினை வாங்கினார். சுர இடங்கள் மறந்துபோகாமலிருக்க அதன் கழுத்தில் ஒட்டுநாடாவால் அடையாளம் வைத்துப் பழகினார். பெர்கின்ஸுக்கு ஃபென்டர் மின்கிட்டார் ஒன்று கிடைத்தது. அதன் ஒலியளவுத் திருகு பழுதாகியிருந்ததால், உள்ளங்கையின் அடிப்பகுதியைத் தந்திகள் மேல் அழுத்தி ஒலியை அடக்கியே வாசித்தார் என்பர். பிற்காலத்தில் ‘பூம்-சிக்கா-பூம்’ என்று பெயர் பெற்ற தாளக்கட்டு இப்படிப் பிறந்தது. வேகமாக வாசிக்கத் தெரியாதவர்களின் சிக்கனம் அது. தேவைக்கு மேல் ஒரு சுரம்கூட அதில் ஒலிப்பதில்லை. இத்தொகுப்பின் பேரழகும் அதுதான்.

சன் நிறுவனத்தின் ஒலிப்பதிவுக்கூடம் யூனியன் அவென்யூ 706ஆம் எண் கட்டடத்தில் இருந்தது. எல்விஸ் பிரெஸ்லி 1954இல் தம் முதல் தட்டைப் பதிவு செய்ததும் அங்கேதான். கேஷ் தம்மைக் காஸ்பெல் எனப்படும் கிறிஸ்தவப் பக்திப் பாடல்களின் பாடகராகவே ஃபிலிப்ஸிடம் அறிமுகப்படுத்திக்கொண்டார். அவை விற்காது என்று ஃபிலிப்ஸ் மறுத்ததில் கருத்து வேறுபாடில்லை. போய்ப் பாவம் செய்துவிட்டு, விற்கக்கூடிய பாட்டோடு திரும்பி வரும்படி அவர் சொல்லி அனுப்பியதாக வழங்கும் கதைதான் ஐயத்துக்குரியது. பல நூல்களில் அது இடம்பெற்றிருந்தாலும், அப்படி எதுவும் நடக்கவில்லை என்று கேஷ் தம் கடைசிக் காலத்துப் பேட்டி ஒன்றில் கூறியுள்ளார். 1955 ஜூனில் வெளியான முதல் தட்டின் ஒரு பக்கத்தில் ‘ஹே போர்ட்டர்’, மறுபக்கத்தில் ‘க்ரை! க்ரை! க்ரை!’ இருந்தன. பின்னது பில்போர்டு இதழின் கன்ட்ரிப் பட்டியலில் 14ஆம் இடத்தைத் தொட்டது, தொகுப்பிலும் இடம்பெற்றது. ‘ஹே போர்ட்டர்’ ஏனோ விடுபட்டது.

தொகுப்பின் உச்சம் 1956 ஏப்ரல் 2 அன்று பதிவான ‘ஐ வாக் தி லைன்’. ஊர் ஊராகப் பாடச் செல்லும் கணவன் மனைவிக்குத் தரும் வாக்குறுதியாக அமைந்த பாடல் இது. இதன் மெட்டு ஜெர்மனியிலேயே கருக்கொண்டதாகக் கேஷ் கூறுவார்: படைமுகாமில் அவரது ஒலிநாடாப் பெட்டியை யாரோ எடுத்துப் பயன்படுத்தி, நாடாவைப் புரட்டிப் போட்டுவிட, பின்னோக்கி ஓடிய கிட்டார் ஒலி காதிலேயே தங்கிவிட்டதாம். தலைப்பைப் பரிந்துரைத்தவர் சக பாடகர் கார்ல் பெர்கின்ஸ் என்பது பலர் கூற்று. சரணத்துக்குச் சரணம் சுருதி மாறுகிறது. புதிய சுருதியைப் பிடிக்கக் கேஷ் அதற்குமுன் மெல்ல ஹம்மிங் செய்கிறார். பாடகன் தன் ஆதார சுருதியைத் தேடும் அந்த முனகலை வெட்டியெறியாமல் பாடலின் பகுதியாகவே விட்டுவைத்தது நல்ல முடிவு. அக்காலக் கன்ட்ரி மேடைகள் டிரம்ஸை விரும்பவில்லை. ஆகவே கிட்டார் தந்திகளுக்கிடையே ஒரு தாளைச் செருகி ‘சர் சர்’ என்ற ஒலியை எழுப்பினார் கேஷ். அது வெறும் காகிதம் என்பாரும், டாலர் நோட்டு என்பாரும் உண்டு. பாடல் மெதுவாகச் செல்ல வேண்டும் என்பது கேஷின் விருப்பம். ஃபிலிப்ஸ் வேகமாக ஒருமுறை பாடச் சொல்லி, அதையே வெளியிட்டுவிட்டார். புளோரிடாவில் வானொலியில் கேட்டுத் திடுக்கிட்ட கேஷ், இனி அந்தத் தட்டை அனுப்ப வேண்டாமென்று கேட்டுக்கொண்டாராம். பாடல் கன்ட்ரிப் பட்டியலில் முதலிடத்தையும், பொதுப் பட்டியலில் 17ஆம் இடத்தையும் பிடித்தது.

1955 ஜூலையில் பதிவான ‘ஃபோல்சம் பிரிசன் புளூஸ்’, ‘சோ டாக்கான் லோன்சம்’ பாடலோடு ஒரே தட்டில் வந்து கன்ட்ரிப் பட்டியலில் 4ஆம் இடம் வரை சென்றது. ஃபோல்சம் சிறை பற்றிய 1951ஆம் ஆண்டுத் திரைப்படம் ஒன்றை விமானப் படையில் இருந்தபோது பார்த்ததே இதற்குத் தூண்டுதல். ஆனால் மெட்டும் வரிகள் பலவும் இசையமைப்பாளர் கார்டன் ஜென்கின்ஸ் 1953இல் வெளியிட்ட ‘கிரசன்ட் சிட்டி புளூஸ்’ பாடலிலிருந்து வந்தவை. தொகுப்பில் ஜென்கின்ஸ் பெயர் இல்லை. 1970களின் தொடக்கத்தில் அவருக்கு ஏறத்தாழ 75,000 டாலர் கொடுத்து வழக்கு தீர்க்கப்பட்டதாகக் கூறப்படுகிறது. சிறைவாசம், தொலைவில் செல்லும் ரயில், அதில் அமர்ந்திருக்கும் செல்வர்கள் என்ற காட்சிகளைக் கேஷின் கனத்த குரலே தனக்கு உரியதாக்கியது என்று ஆதரவாளர் வாதிடுவர். கடன்பட்ட அளவு பெரிது என்பதை அவர்களும் மறுப்பதில்லை.

எஞ்சிய பாடல்களில் ரயில் ஓயாமல் ஓடுகிறது. தொகுப்பைத் தொடங்கும் ‘ராக் ஐலண்ட் லைன்’ 1934இல் நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் ஜான் லோமாக்ஸ், கேஷின் சொந்த மாநிலமான ஆர்கன்சாவின் சிறைகளில் கைதிகள் பாடப் பதிவு செய்தது; பின்னர் பாடகர் லெட் பெல்லியால் பரவியது. ‘ரெக் ஆஃப் தி ஓல்டு 97’, வர்ஜீனியாவின் டான்வில் அருகே 1903 செப்டம்பர் 27 அன்று அஞ்சல் ரயில் பாலத்திலிருந்து கவிழ்ந்து 11 பேர் மாண்ட விபத்தைச் சொல்கிறது. ‘லோன்சம் விசில்’ ஹேங்க் வில்லியம்ஸுடையது. ‘ஐ வாஸ் தேர் வென் இட் ஹாப்பன்ட்’ மட்டுமே காஸ்பெல். முதல் நாள் கேஷ் பாட விரும்பிய வகையில் ஃபிலிப்ஸ் விட்டுக்கொடுத்தது இந்த ஒன்று.

1958இல் கேஷ் கொலம்பியா நிறுவனத்துக்கு மாறினார். உரிமத்தொகை விகிதமும் காஸ்பெல் பாடத் தடையும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. எது முதன்மையானது என்பதில் வரலாற்றாசிரியர்கள் வேறுபடுகின்றனர். மறு ஆண்டே ‘ஹிம்ஸ் பை ஜானி கேஷ்’ என்ற பக்தித் தொகுப்பை வெளியிட்டார். 1968 ஜனவரி 13 அன்று ஃபோல்சம் சிறைக்குள்ளேயே கைதிகள் முன் பாடிப் பதிவு செய்த தொகுப்பு, இத்தட்டின் பதினோராவது பாடலான ‘ஃபோல்சம் பிரிசன் புளூஸ்’க்கு மறுவாழ்வு தந்தது. லூதர் பெர்கின்ஸ் அவ்வாண்டு ஆகஸ்டில் வீட்டில் ஏற்பட்ட தீவிபத்தால் இறந்தார். சன் நிறுவனம் 1969இல் இசைத் தயாரிப்பாளர் ஷெல்பி சிங்கிள்டன் கைக்குச் சென்றது.

2002இல் இத்தொகுப்பு, ஐந்து பாடல்கள் கூடுதலாகச் சேர்க்கப்பட்டுக் குறுந்தகடாக மறுவெளியீடு கண்டது. விடுபட்டிருந்த ‘ஹே போர்ட்டர்’ அதில் இடம்பெற்றது.