மழையும் கோழியும் ஒரு பஞ்சாரமும்

"மழையில நனைஞ்ச கோழி மாதிரி நிக்கான்" என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். உடம்பைக் குறுக்கி, வாலைத் தொங்கவிட்டு, ஒற்றைக் காலில் நிற்கும் கோழியைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. ஆனால் காட்டிலிருந்து வந்த பறவைக்கு மழை என்றால் ஏன் இந்தப் பாடு? அதைத் தேடப் போனதில் கிடைத்ததுதான் இந்தப் பதிவு.

முதலில் கோழியின் பூர்வீகம். வீட்டுக் கோழியின் மூதாதை தென்கிழக்கு ஆசியாவின் சிவப்புக் காட்டுக்கோழி. இதுவரை தெரிந்ததில் மிகப் பழைய வீட்டுக் கோழி எலும்புகள் தாய்லாந்தில் பான் நோன் வாட் என்ற இடத்தில் கிடைத்தவை என்கிறது 2022ல் வந்த ஓர் ஆய்வு. காலம் கி.மு. 1650க்கும் 1250க்கும் இடையில். நெல் விளைந்த இடத்தில் சிந்திய மணிகளைக் கொத்த வந்த பறவை அப்படியே மனிதனோடு தங்கிவிட்டதாம். இதில் நம்ம ஊர்ப் பங்கும் உண்டு. கோழியின் மஞ்சள் கால் தோலுக்கான மரபணு தென்னிந்தியாவின் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008ல் கண்டுபிடித்தார்கள்.

காட்டில் மழை பெய்தால் அதற்கு அடர்ந்த மரம் இருந்தது. இரவில் கிளையில் ஏறித் தூங்கும். வாத்தின் இறகு அளவுக்குக் கோழி இறகு தண்ணீரைத் தள்ளாது. தூறலைத் தாங்கும், அடைமழையில் தோல்வரை நனைந்துவிடும். நம்மை நம்பி முற்றத்துக்கு வந்ததும் அதற்கு மரம் போயிற்று. வணிகவியல் மாணவன் பாஷையில் சொன்னால், முட்டை நமக்கு வரவு. கூரை நாம் அதற்குக் கொடுக்க வேண்டிய கடன்.

தமிழ்நாட்டு முற்றத்தில் கோழி எத்தனை காலமாக இருக்கிறது என்பதற்குப் பட்டினப்பாலை சாட்சி. காவிரிப்பூம்பட்டினத்தில் காயப்போட்ட தானியத்தைத் தின்ன வந்த கோழியைப் பெண்கள் காதணியைக் கழற்றி எறிந்து விரட்டுகிறார்கள். அந்தக் காதணி குழந்தைகளின் மூன்று சக்கர விளையாட்டு வண்டியை வழிமறிக்கிறது. ஊரின் செல்வத்தைச் சொல்ல வந்த புலவருக்கு ஒரு வீட்டுக் கோழி உதவியிருக்கிறது!

இனி தூத்துக்குடிக்கு வருவோம். முத்துக்குளித்துறையும் தேரிக்காடும் பனையும் உள்ள வறண்ட சீமை. தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப் பக்கமே பெய்து தீர்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் கிடைப்பதுதான் பெரும்பாலும் எங்கள் மழை. அதனால் இங்கே கோழி அடைப்பது மழைக்குப் பயந்து அல்ல; கீரிக்கும் பூனைக்கும் பயந்துதான். சாயங்காலம் பஞ்சாரத்தைக் கவிழ்த்து, மேலே ஒரு கல்லைத் தூக்கி வைத்தால் வேலை முடிந்தது.

மழை மாதத்தில் மட்டும் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும். குஞ்சுகளுக்கு முதல் சில வாரங்கள் சொந்தமாக உடல் சூட்டைக் காக்கத் தெரியாது. தாயின் இறக்கைதான் கூரை. தாயே நனைந்துவிட்டால் குஞ்சுகள் விறைத்துப் போகும். தரை ஈரமாகவே கிடந்தால் ரத்தக் கழிச்சல் வரும். எனவே திண்ணைக்கு மாற்றுவார்கள், சாம்பல் போடுவார்கள், ஓலை வேய்வார்கள். போதுமானதாகத்தான் இருந்தது, 2023 டிசம்பர் வரை.

டிசம்பர் 17, 18ல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. இந்தப் பக்கம் ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதைவிட அதிகம். தாமிரபரணி கரை மீறியது. ஆற்றுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஆச்சி வீட்டில் இரவில் தண்ணீர் நுழைந்தது. ஆச்சியை மாடி வீட்டுக்குத் தூக்கிப் போனார்கள். பஞ்சாரத்தைத் தூக்க ஆளில்லை. பதினொரு கோழியும் போயிற்று. எப்போதும் பஞ்சாரத்துக்குள் அடங்காமல் வேப்பமரத்தில் ஏறித் தூங்கும் இரண்டு முரட்டுக் கோழிகள் மட்டும் பிழைத்தன. "கல்லத் தூக்கி வச்சது நாந்தானல" என்று ஆச்சி பல நாள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பேரிடர் நிவாரண விதியைத் தேடிப் பார்த்தேன். 2015ல் செத்த கோழி ஒன்றுக்கு 50 ரூபாய். 2022ல் அது 100 ரூபாய் ஆனது, ஒரு குடும்பத்துக்கு 10,000 ரூபாய் வரை. கறவை மாட்டுக்கு 37,500, ஆட்டுக்கு 4,000. நாட்டுக்கோழி சந்தையில் விற்கும் விலை எல்லோருக்கும் தெரியும். அதைவிட, வெள்ளம் அடித்துப் போன கோழியை யார் எண்ணிக் கணக்கு எழுதுவது? முட்டை விற்ற காசுதான் ஆச்சியின் சிறுவாடு. பேரன் பேத்திக்குக் கொடுப்பதும் அதிலிருந்துதான். எந்தப் பேரேட்டிலும் ஏறாத சொத்து அது.

இப்போது ஆச்சி வீட்டில் செங்கல் தூண்மேல் இடுப்பு உயரத்துக்கு ஒரு கூடு இருக்கிறது. மேலே பனையோலை, உள்ளே குறுக்கே ஒரு கம்பு. கதவுக்குக் கொண்டி மட்டும்தான், கல் இல்லை. மூவாயிரம் வருஷத்துக்கு முன்னால் நாம் பறித்த கிளையைத் திருப்பிக் கொடுத்த மாதிரி எனக்குத் தோன்றியது.

உங்கள் ஊரில் மழைக்குக் கோழியை எங்கே அடைப்பீர்கள்? சொல்லுங்களேன்.