வீட்டு இருட்டறை

நிழற்படக் கலையின் முதல் நூற்றாண்டில், அக்கலை பெரிதும் வளர்ந்த இடம் வீடே ஆகும். இங்கிலாந்தில் லேக்காக் அபி என்னும் தம் மாளிகையில் வாழ்ந்த டால்பட், 1835ஆம் ஆண்டிலேயே அங்கிருந்த சாளரம் ஒன்றைத் தபால் தலையளவு தாளில் எதிர்ப்படமாகப் பதித்தார். அதனினும் பெரிய கண்டுபிடிப்பு 1840 செப்டம்பரில் நிகழ்ந்தது. சிறிது நேரமே ஒளிபட்ட தாளில் கண்ணுக்கு ஒன்றும் புலப்படாது. ஆயினும் உருவம் அதனுள் மறைந்து நிற்கும். தக்க மருந்தைத் தடவினால் வெளிப்படும். நம் ஊர்ப் புகைப்பட நிலையத்தார் ‘பிலிம் கழுவுதல்’ என்று எளிதாகச் சொல்லிவந்த தொழிலின் மூலம் இதுவே. கழுவினால் உள்ளது போகும் என்றுதான் நாம் அறிவோம். இங்கோ கழுவக் கழுவ உருவம் வருகிறது!

வந்த உருவம் நிலைக்கவேண்டுமாயின், ஒளிபடாத வெள்ளி உப்பை அகற்றவேண்டும். இல்லையேல் படம் முழுதும் கறுத்துவிடும். அவ்வுப்பை ஹைப்போ கரைக்கும் என்பதை அறிஞர் ஜான் ஹெர்ஷெல் 1819இலேயே கண்டிருந்தார். இருபது ஆண்டுகள் கழித்து, 1839இல், அது நிழற்படத்திற்கு உதவிற்று.

ஹெர்ஷெலின் தோழியார் ஒருவரை இங்கே சொல்லாமல் விடலாகாது. ஜூலியா மார்கரெட் கேமரன் 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். 1863 டிசம்பரில், 48ஆம் வயதில், மகளும் மருமகனும் அளித்த காமிரா அவர் கைக்கு வந்தது. வைட் தீவிலிருந்த தம் இல்லத்தில் கோழிக்கூட்டைப் படமெடுக்கும் அறையாகவும், நிலக்கரிக் கொட்டகையை இருட்டறையாகவும் ஆக்கிக்கொண்டார். அக்காலத்து முறை, ஆர்ச்சர் என்பவர் 1851இல் வெளியிட்டது. கண்ணாடித் தகட்டில் கொலோடியனைப் பூசி, வெள்ளி நைட்ரேட்டில் தோய்த்து, ஈரம் உலருமுன் படமெடுத்து, உடனே கழுவியும் முடிக்கவேண்டும். கைகளெல்லாம் கறுப்புக் கறை படியும். உருவை நிலைநிறுத்தக் கொடிய நஞ்சாகிய பொட்டாசியம் சயனைடையும் அவர் கையாண்டார். அவருடைய தகடுகளில் விரிசலும் புள்ளியும் உண்டு. தெளிவில்லை என்று அக்காலத்து வல்லுநர் பழித்தனர். 1867இல் அவர் எடுத்த ஹெர்ஷெலின் முகத்தைப் பார்த்தவர் அப்பழியை ஏற்பரோ? நான் ஏற்கேன். 1875இல் இலங்கைக்குக் குடியேறிய அவ்வம்மையார், 1879இல் அங்கேயே காலமானார்.

1888இல் அமெரிக்கர் ஈஸ்ட்மன் கோடக் காமிராவை விற்பனைக்கு விட்டார். நூறு படங்கள் எடுத்தபின் காமிராவையே ரோசெஸ்டர் நகருக்கு அனுப்பிவிடலாம். பத்து டாலர் கட்டணத்தில் படங்களும், புதுச் சுருள் இட்ட காமிராவும் திரும்பிவரும். எளிய மக்கள் பலர் படமெடுக்க அதுவே வழி திறந்தது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் தம் படம் எவ்வாறு உருவாயிற்று என்பதை எடுத்தவரே அறியவேண்டாத நிலையும் அன்றே வந்தது.

எனினும் இருட்டறை வீட்டைவிட்டு முற்றும் நீங்கவில்லை. 1920களில் அதே கோடக் நிறுவனம் வகுத்த டி-76 என்னும் மருந்தின் கூட்டு வெளிப்படையாக அச்சிடப்பட்டது. ஒரு லிட்டர் நீருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், வெங்காரம் 2 கிராம். பொற்கொல்லர் பட்டறையில் காணும் அதே வெங்காரந்தான்! மருந்து 20 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இருத்தல் வேண்டும். நம் கோடையில் குழாய் நீரே 30 பாகையைத் தாண்டும். அந்நீரில் பிலிமின் மேலுள்ள ஜெலட்டின் பூச்சு ஊறி இளகிவிடும். அதனால் மருந்துப் பாத்திரத்தைப் பனிக்கட்டி நீரில் அமர்த்தி, வெப்பமானியைப் பார்த்தபின்னரே பிலிமை உள்ளே விடுவர்.