தொலைபேசிச் சந்தாதாரரின் உரிமையும் கடமையும்: 1885 முதல் 2023 வரை

இந்தியாவில் டெலிபோன் நிலையங்கள் முதன்முதலாகத் திறக்கப்பட்டது 1882-ஆம் ஆண்டு ஜனவரியில். கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களில் ஓரியண்டல் டெலிபோன் கம்பெனி அவற்றை நிறுவியது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்குப் பின் நிறைவேறிய 1885-ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம், தந்தியை மனத்திற்கொண்டு எழுதப்பட்டதாயினும், நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்நாட்டில் டெலிபோனில் பேசிய ஒவ்வொருவரையும் ஆண்டுவந்தது. அந்தச் சட்டத்தில் சந்தாதாரரின் கடமைகள் முதலிலேயே தெளிவாக எழுதப்பட்டன என்பதையும், அவருடைய உரிமைகளோ பெரும்பாலும் நியாயஸ்தலங்களின் வழியாக, ஒவ்வொரு வழக்காக, மெல்ல மெல்லவே வந்து சேர்ந்தன என்பதையும் நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1885-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நான்காம் பிரிவு தந்தித் தொடர்பை அமைத்து நடத்தும் ஏகபோக உரிமையைச் சர்க்காருக்கு அளித்தது. ஒன்பதாம் பிரிவு, செய்தியைப் பெறுவதிலோ அனுப்புவதிலோ சேர்ப்பிப்பதிலோ ஊழியர் கடமை தவறியதால் விளையும் நஷ்டத்துக்குச் சர்க்கார் பொறுப்பல்ல என்று கூறியது. கருவிகளைச் சேதப்படுத்துவோருக்கும், பொய்யென்று அறிந்தே செய்தி அனுப்புவோருக்கும் தண்டனை விதிக்கப்பட்டது. பிரஜையின் பக்கம் நின்ற ஏற்பாடென்று குறிப்பிடத்தக்கது இருபத்தாறாம் பிரிவு: செய்தியைச் சட்டவிரோதமாக இடைமறிக்கும் அல்லது வெளியிடும் தந்தி இலாகா ஊழியருக்கு மூன்றாண்டு வரை சிறை உண்டென்று அது எச்சரித்தது. அக்காலத்து ஆட்சியின் இயல்பை நோக்கும்போது இந்த ஒரு பாதுகாப்பேனும் இருந்தது போற்றத்தக்கதே.

சுதந்திரத்துக்குப் பின் வந்த 1951-ஆம் ஆண்டின் தந்தி விதிகளும் இந்தப் போக்கை மாற்றவில்லை. பிறருக்குத் தொல்லை தரும் விதத்திலோ ஆபாசமாகவோ டெலிபோனைப் பயன்படுத்தலாகாது என்று 427-ஆம் விதி கூறிற்று. அது எக்காலத்துக்கும் பொருந்தும் நல்விதி. ஆனால் குறித்த தேதிக்குள் பணம் கட்டாவிடில் முன்னறிவிப்பின்றியே இணைப்பைத் துண்டிக்கலாம் என்று 443-ஆம் விதி இலாகாவுக்கு அளித்த அதிகாரம், பில்லே பிழையாயிருந்தால் சந்தாதாரர் என்ன செய்வது என்னும் கேள்விக்கு இடமே வைக்கவில்லை.

அந்தக் கேள்விக்குத் தந்திச் சட்டத்தின் 1957-ஆம் ஆண்டுத் திருத்தம் ஒரு விடையளித்தது. அத்திருத்தம் சேர்த்த 7-பி பிரிவின்படி, இணைப்பு அல்லது கருவி சம்பந்தமாக இலாகாவுக்கும் சந்தாதாரருக்கும் எழும் தகராறுகள் மத்தியஸ்தரால் தீர்க்கப்பட வேண்டும். மத்தியஸ்தரை நியமிப்பது மத்திய சர்க்கார். அவருடைய தீர்ப்பை எந்தக் கோர்ட்டிலும் ஆட்சேபிக்கலாகாது. வழக்கில் ஒரு கட்சியாயிருக்கும் சர்க்காரே நடுவரையும் நியமித்து, அவர் தீர்ப்பின்மேல் முறையீடும் இல்லையென்று அறுதியிடுவது, நியாயத்தின் ஆதாரக் கோட்பாட்டுக்கே முரணானது என்பது என் துணிபு. சந்தாதாரர் உரிமையின் வரலாற்றில் இப்பிரிவைப்போல் நெடுங்காலம் குறுக்கே நின்ற தடை வேறில்லை.

இத்தடையின் கடுமை உணரப்பட்டது எஸ்.டி.டி. பரவிய பிறகே. டிரங்க் கால் காலத்தில் ஒவ்வொரு அழைப்பையும் ஆபரேட்டர் சீட்டில் குறித்து வைத்தார். எந்த ஊருக்கு, எத்தனை நிமிஷம் என்பதற்கு எழுத்துச் சான்று இருந்தது. 1960-இல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே நேரடி டயல் முறை தொடங்கியதன்பின், தூரத்துக்கேற்ற வேகத்தில் ஓடும் மீட்டரே அழைப்புகளின் கணக்கை ஏற்றது. அந்த மீட்டரோ எக்ஸ்சேஞ்சுக்குள் இருந்தது. சந்தாதாரரின் கைக்கு வந்தது மொத்த எண்ணிக்கையைச் சொல்லும் பில் மட்டுமே. பேசாத அழைப்புக்குப் பணம் கேட்கிறார்கள் என்ற முறையீடு வீட்டுக்கு வீடு கேட்டதென்றால், கணக்கின் சான்று முழுவதும் ஒரு கட்சியின் வசமிருந்ததே அதற்குக் காரணம்.

நெருக்கடி நிலை அமலிலிருந்த காலத்திலேயே உச்சநீதிமன்றம் ஒரு முக்கியமான எல்லையை வகுத்தது. சட்டவிரோதச் சூதாட்ட வியாபாரம் நடப்பதாகக் கூறி, டில்லியில் சில வியாபாரிகளின் டெலிபோன்கள் துண்டிக்கப்பட்ட வழக்கு அது. இப்படித் துண்டிக்குமுன், பொது அவசரநிலை உண்டென்று இலாகா அதிகாரி தாமே திருப்தியடைந்து பதிவு செய்ய வேண்டும். மேலிடத்துக் கருத்தை அப்படியே ஏற்றுச் செயற்படலாகாது என்று கூறி, அந்த உத்தரவை நீதிமன்றம் ரத்து செய்தது. இரு தசாப்தங்களுக்குப் பின், 1996 டிசம்பரில், மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில், டெலிபோனில் அந்தரங்கமாகப் பேசும் உரிமை அரசியலமைப்பின் இருபத்தொன்றாம் விதியில் அடங்கும் என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒட்டுக்கேட்கும் உத்தரவை உள்துறைச் செயலாளரே பிறப்பிக்க வேண்டும் என்றும், அது மொத்தம் ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்கலாகாது என்றும் நிபந்தனைகள் விதித்தது.

பண விவகாரத்தில் நியாயம் கிடைக்கத்தான் அதிக காலம் பிடித்தது. 1986-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் எவ்விதச் சேவையையும் தன் எல்லைக்குள் கொண்டுவந்ததால், சந்தாதாரர்கள் மாவட்ட மன்றங்களை நாடினர். கேரளத்துச் சந்தாதாரர் ஒருவரின் துண்டிக்கப்பட்ட இணைப்பைத் திரும்பத் தரவும், ரூ.5,000 நஷ்டஈடு கொடுக்கவும் அத்தகைய மன்றமொன்று உத்தரவிட்டது. அவ்வழக்கு உச்சநீதிமன்றம் சென்றபோது, 2009-இல், 7-பி என்னும் விசேஷ ஏற்பாடு இருக்கையில் நுகர்வோர் மன்றத்துக்கு அதிகாரமில்லை என்று தீர்ப்பாயிற்று. சர்க்கார் இலாகாவுக்காக எழுதப்பட்ட பழைய பிரிவைத் தனியார் செல்போன் கம்பெனிகளும் கேடயமாகப் பற்றிக்கொண்டன.

விடுதலை 2022 பிப்ரவரி 16 அன்று வந்தது. மாதம் சுமார் ரூ.555 பில் வந்துகொண்டிருந்த அகமதாபாத் வாடிக்கையாளர் ஒருவரிடம் ஒரே மாதத்துக்கு ரூ.24,609 கேட்கப்பட்டதில் எழுந்த வழக்கு அது. மத்தியஸ்த ஏற்பாடு இருப்பதனால் மட்டும் நுகர்வோர் மன்றத்தின் கதவு அடைபடாது என்று நீதிபதி சந்திரசூட் உள்ளிட்ட உச்சநீதிமன்ற மூவர் அமர்வு தீர்ப்பளித்தது.

இதனிடையே, 1997-இல் தோன்றிய டிராய் என்னும் ஒழுங்குமுறை ஆணையம், 2011-இல் எண்ணை மாற்றாமல் கம்பெனியை மாற்றிக்கொள்ளும் வசதியை நாடெங்கும் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பாதியில் அறுந்த அழைப்புக்கு ஒரு ரூபாய் ஈடு தரவேண்டும் என்று 2015-இல் அது விதித்த கட்டளை மட்டும் மறுவருஷமே நீதிமன்றத்தில் ரத்தாயிற்று.

2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் கடமைகளை மறுபடியும் வலியுறுத்துகிறது. பொய்யான விவரம் தரலாகாது, ஆள்மாறாட்டம் செய்யலாகாது என்கிறது இருபத்தொன்பதாம் பிரிவு. மோசடியாக சிம் கார்டு பெறுவோருக்கு மூன்றாண்டு வரை சிறையும், ரூ.50 லட்சம் வரை அபராதமும் உண்டு. பிறர் பெயரில் எடுத்த சிம்மைக் கொண்டு முதியோரின் சேமிப்பைப் பறிக்கும் கூட்டங்கள் பெருகியிருக்கும் இந்நாளில், இக்கடமையை மிகையென்று சொல்ல மாட்டேன். அதே சட்டத்தின் முப்பதாம் பிரிவு, இணையவழித் தீர்வு முறையை ஏற்படுத்தச் சொல்லும்போதே, நுகர்வோர் சட்டப்படி நிவாரணம் தேடும் உரிமை அதனால் பாதிக்கப்படாது என்று வெளிப்படையாகக் கூறுகிறது. 1957-இல் அடைக்கப்பட்ட வாசலை இப்போது சட்டமே திறந்து வைத்திருக்கிறது.

ஆகவே, பில்லில் பிழை கண்ட வாசகர்கள் மனம் சலித்து விட்டுவிடலாகாது. கம்பெனியின் புகார் மையத்தில் முறையிட்டு, அவர்கள் தரும் டாக்கெட் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பதில் திருப்தியளிக்காவிடில் முப்பது நாட்களுக்குள் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது. முப்பத்தொன்பது நாட்களுக்குள் முடிவு சொல்வது அவர்கள் கடமை. அங்கும் நியாயம் கிட்டாவிடில், தயங்காமல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகுங்கள்.