இரத்தத்தில் அமிலம் கூடினால் இரத்தக் குழாய்கள் ஏன் தளர்கின்றன?



"நோன்பு வைத்துச் சாப்பிடாமல்தானே இருக்கிறேன், ஊசி எதற்கு?" என்று இன்சுலினை நிறுத்திவிடும் சர்க்கரை நோயாளிகளை நம் பள்ளிகொண்டா, ஆம்பூர் பகுதிக் குடும்பங்களில் பார்க்கிறோம். இதனால் சர்க்கரை ஏறுவதோடு, இரத்தத்தில் அமிலமும் கூடிவிடலாம். அதன் விளைவை நாம் அறிந்திருப்பது அவசியம்.

அமிலம் எப்படிக் கூடுகிறது?

இரத்தத்தின் பி.எச். அளவு 7.35 முதல் 7.45 வரை இருக்க வேண்டும். நுரையீரலும் சிறுநீரகமும் இதைக் காக்கின்றன; புளியோ எலுமிச்சையோ சாப்பிடுவதால் இது மாறாது. ஆனால் இன்சுலின் இல்லாவிட்டால் உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்கி, கீட்டோன் அமிலங்கள் குவிகின்றன. பி.எச். இறங்குகிறது.

குழாய்களுக்கு என்ன நேர்கிறது?

நெருக்கடி நேரத்தில் சுரக்கும் அட்ரினலின், நார்அட்ரினலின் ஆகிய ஹார்மோன்கள் இரத்தக் குழாய்களைச் சுருக்கி, இரத்த அழுத்தம் விழாமல் காக்கின்றன. அமிலம் கூடினால் இந்தக் கட்டளைக்குக் குழாய்கள் சரியாகப் பணிவதில்லை. புவனேஸ்வர் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் ஆட்டின் குடல் தமனியைச் சோதித்து 2016-ல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. அமிலச் சூழலில் நார்அட்ரினலினுக்குத் தமனி சுருங்குவது குறைந்தது. அந்த ஹார்மோனை ஏற்கும் 'ஆல்பா-1டி' ஏற்பிகளும் குறைந்தன.

ஆரம்பத்தில் உடல் கூடுதலாக ஹார்மோனைச் சுரந்து சமாளிப்பதால் ஆபத்து வெளியே தெரிவதில்லை. பி.எச். 7.2-க்குக் கீழே போனால் இதயமும் பலவீனமாகி, அழுத்தம் விழலாம். அழுத்தத்தை ஏற்றும் மருந்துகளின் வேகமும் குறையும். ஆகவேதான் மருத்துவர்கள் சலைன், இன்சுலின் கொடுத்து, பொட்டாசியத்தைக் கவனித்து, அமிலத்தின் காரணத்தையே சரிசெய்கிறார்கள்.

நாம் செய்ய வேண்டியவை

கடும் தாகம், வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்த வேகமான மூச்சு, மூச்சில் பழ வாசனை, மயக்கம் தெரிந்தால் உடனே நோன்பை விட்டுவிட்டு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சோடா குடித்துப் பார்ப்போம் என்று காத்திருக்கக் கூடாது.

இன்சுலின் ஊசியால் நோன்பு முறியாது என்பதே இக்கால மார்க்க அறிஞர்கள் பெரும்பாலோரின் முடிவு. நோயாளி நோன்பை வேறு நாட்களில் நிறைவேற்ற அல்பகரா அத்தியாயத்தின் 185-ஆம் வசனம் அனுமதிக்கிறது. எனவே ரமளானுக்கு முன்பே மருத்துவரிடம் ஊசியின் அளவையும் நேரத்தையும் கேட்டுக்கொள்வோம். நாமாக ஊசியை நிறுத்த வேண்டாம்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் பூரண ஆரோக்கியத்தைத் தந்தருள்வானாக!