அடுத்தவர் மெட்டும் நம்ம பாட்டும்



போன வாரம் எங்க ஊர் மாரியம்மன் கோவில் பொங்கலுக்கு ஆர்க்கெஸ்ட்ரா வைத்திருந்தார்கள். இடைவேளையில் பாடகர் மேடையிலிருந்து இறங்கி வந்து, "அய்யா, என்னையத் தெரியுதுங்களா? எய்ட்டி செவன் செட்டுங்க" என்றார். தெரிந்தது. தெரிந்ததும் சங்கடமாக இருந்தது. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். வரலாற்று வாத்தியார் அல்லவா, முதலில் கொஞ்சம் வரலாறு.

ஒருவர் பாடியதை இன்னொருவர் பாடுவதைக் 'கவர்' என்கிறார்கள் இன்றைய பிள்ளைகள். பெயர்தான் புதிது. முத்துசுவாமி தீட்சிதர் இளமையில் சென்னைக்கு அருகே மணலியில் இருந்தபோது, ஜார்ஜ் கோட்டையில் வெள்ளைக்காரன் பேண்டு வாசிப்பதைக் கேட்டவர். அந்த மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதினார். அவற்றை 'நொட்டுஸ்வரம்' என்பார்கள். 'சந்ததம் பாஹிமாம்' என்பதன் மெட்டு இங்கிலாந்து ராஜாவை வாழ்த்தும் பாட்டின் மெட்டுதான்! மும்மூர்த்திகளில் ஒருவரே அடுத்தவர் மெட்டை எடுத்துக்கொண்டார். அவர் பெருமை குறைந்துவிடவில்லை.

நம் காலத்துக்கு வருவோம். பண்ணைப்புரம் பாவலர் வரதராசன் கம்யூனிஸ்ட் மேடைகளில் பாடியவர். ஜனங்களுக்குத் தெரிந்த சினிமா மெட்டில் கூலி, விலைவாசி, தேர்தல் என்று புது வரிகளைப் போட்டுப் பாடுவார். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் ரோசம்மா புன்னூஸுக்காகத் தோட்டத் தொழிலாளர் நடுவே பாடினார், அவர் வெற்றியும் பெற்றார். மெட்டு பழகியது என்பதால் கேட்டவுடன் வாயில் ஒட்டிக்கொள்ளும். அண்ணனோடு மேடை மேடையாகப் பாடிய தம்பிதான் 1976-இல் 'அன்னக்கிளி' தந்த இளையராஜா.

நம்ம ஊரில் ஜப்பானுக்கு பனியன் அனுப்பும் மாணவர்களுக்கு ஒரு செய்தி. கியூ சகாமோட்டோ 1961-இல் பாடிய ஜப்பானியப் பாட்டு ஒன்று, 1963-இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. 'சுகியாகி' என்று அங்கே பெயர் வைத்தார்கள். அது ஒரு சாப்பாட்டின் பெயர், பாட்டுக்குச் சம்பந்தமே இல்லை! 1981-இல் 'எ டேஸ்ட் ஆஃப் ஹனி' என்ற குழு அதையே ஆங்கிலத்தில் பாடி மறுபடி பிரபலமாக்கியது.

சட்டமும் இதைத் தடுக்கவில்லை. 1957 காப்புரிமைச் சட்டத்தின்படி, முன்கூட்டி அறிவித்து, ராயல்டி கட்டினால் வேறு குரலில் பதிவு செய்யலாம். எண்பதுகளில் வடக்கே டி-சீரிஸ் மலிவு கேசட்டுகள் பெருகியது இந்த வழியில்தான். 2012 திருத்தத்தில் பாட்டு வெளிவந்து ஐந்து வருடம் கழிய வேண்டும் என்று ஆக்கினார்கள். இது கவர் என்று அட்டையில் போட வேண்டும் என்றும் வைத்தார்கள். மூலத்தை மறைக்காதே என்பதுதான் சாரம்.

இனி என் கதை. 1987 ஆண்டுவிழா ஒத்திகை. அந்தப் பையன் ஒரு சினிமாப் பாட்டை அச்சு அசலாகப் பாடினான். எல்லோர் முன்னாலும், "அடுத்தவன் குரல்ல பாடறதுக்கு நீ எதுக்குடா? டேப் ரெக்கார்டர் போதுமே" என்றேன். பசங்கள் சிரித்தார்கள். அவன் விழாவில் பாடவில்லை. பத்தாவது முடித்ததும் பனியன் கம்பெனியில் கைமடிக்குப் போனான். இன்று கட்டிங் மாஸ்டர். ஒன்றரை ஷிப்ட் முடித்து, குளித்து, ராத்திரி மேடை ஏறுகிறார். முப்பது வருடமாக!

அன்று மேடையில் கவனித்தேன். படத்தில் முப்பது வயலின் வாசித்த இடத்தை ஒரே கீபோர்டு தாங்குகிறது. முன்வரிசைப் பாட்டிக்காக ஒரு சரணத்தை நிதானமாகப் பாடுகிறார். இது எந்த கேசட்டிலும் கிடையாது.

"அன்னிக்கு அப்படிச் சொன்னது தப்பு சாமி" என்றேன். "அதெல்லாம் எப்பவோ மறந்துட்டனுங்கய்யா" என்றார். நான் சொன்ன வார்த்தையை ஓர் எழுத்து பிசகாமல் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் அப்படிச் சொன்னார்.

அன்று சிரித்த செட்டுக்காரர்கள் இதைப் படிப்பீர்கள். ஊர்த் திருவிழாவுக்கு ஆர்க்கெஸ்ட்ரா தேடினால் எனக்குப் போன் போடுங்கள். எண் வாங்கி வைத்திருக்கிறேன்.