பழவேற்காடும் ஏணிப்படியும்

பழவேற்காடுன்னாலே டச்சுக் கோட்டை, பூநாரைன்னு எழுதி ஓய்ஞ்சாச்சு. எனக்குப் பிடிச்ச வரலாறு அங்கே பள்ளிக்கூடத்துக்குள்ள இருக்கு.

செயல்வழிக் கற்றல். 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில், அப்போதைய ஆணையர் எம்.பி.விஜயகுமார் தொடங்கியது. வேர், ஆந்திராவின் ரிஷிவேலி. 2007இல் மாநிலம் முழுக்கப் பரவி ஏரிக்கரைக் குப்பங்களுக்கும் வந்தது. தரையில் பாய், குழந்தை கைக்கு எட்டும் கரும்பலகை, எண் போட்ட அட்டைகள், எந்த அட்டைக்கு அப்புறம் எதுன்னு காட்டும் ஏணிப்படி. தொழில்நுட்பம்னா அவ்வளவுதான்!

ஆனா மீனவப் பிள்ளைக்கு இது பெரிய விஷயம். ஏரியில் பாடு முறை. சங்கத்தில் முறை வரும் நாளில்தான் அந்தக் குடும்பம் வலை போடலாம். அன்னைக்கு வீட்டில் கை தேவைப்பட்டா பையன் பள்ளிக்கு மட்டம். பழைய வகுப்பில் நாலு நாள் கழிச்சு வந்தா பாடம் ரெட்டைமலை தாண்டியிருக்கும். இங்கே விட்ட அட்டையிலிருந்து தொடரலாம். (அட்டை தொலைஞ்சா ஏணி அங்கேயே நிக்கும், அது வேற கதை.)

2022இல் இதே திருவள்ளூர் மாவட்டத்தில்தான் 'எண்ணும் எழுத்தும்' தொடங்கினாங்க. அரும்பு, மொட்டு, மலர்னு மூணு நிலை; மதிப்பீடு ஆசிரியரின் கைபேசிச் செயலியில். விட்ட இடத்திலிருந்து தொடரும் அந்த வசதி இதில் எவ்வளவு மிஞ்சியிருக்கு? அங்கே பாடம் நடத்துற யாராவது பின்னூட்டத்துல சொல்லுங்களேன்.