முடி ஆடினால் போதுமா?

(‘மனத்தில் நிற்பவை அந்தக் காலக் கார்ட்டூன்களே’ என்ற அணியில் பேசியது)

நடுவர் அவர்களே! என்னைப் பார்த்து இப்போதே புன்னகைக்க ஆரம்பித்துவிட்ட எதிரணி நண்பர்களே! குழந்தை குட்டிகளோடு வந்திருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே!

இன்றைய தலைப்பைச் சொன்னவுடன் என் வீட்டம்மா கேட்டாங்க: “சிலப்பதிகாரம், கம்பராமாயணம்னு பேசிக்கிட்டிருந்தீங்க. இப்போ பூனை, எலிக்கு இறங்கிட்டீங்களா?” நான் சொன்னேன்: “அம்மா, கம்பனே அவையடக்கத்தில் தன்னைப் பூனை என்றுதானே சொல்லிக்கொண்டான்! பாற்கடலை நக்கியே குடித்துவிடலாம் என்று போன பூனை. அந்தப் பூனைக்கு மேடை உண்டு என்றால் இந்தப் பூனைக்கும் உண்டு.” (சிரிப்பு)

எதிரணித் தலைவி, என் அன்புத் தங்கை, ஒரு புள்ளிவிவரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போனாங்க. 2001-இல் வந்த ‘மான்ஸ்டர்ஸ் இன்க்’ படத்தில் அந்தப் பெரிய பூதத்தின் உடம்பில் 23 லட்சத்துக்கும் மேல் முடி. அத்தனையும் காற்றில் தனித்தனியாக ஆடுகிறது. கணினி வந்த பிறகுதான் கார்ட்டூனுக்கு உயிரே வந்தது என்றாங்க. நீங்களும் கைதட்டினீர்கள்.

நான் ஒரு தமிழ் வாத்தியார். எனக்குத் தெரிந்த கணக்கு ஒன்றே ஒன்றுதான். உயிர் எழுத்து, மெய் எழுத்து. மெய் தானாக இயங்காது. ‘க்’ என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தால் பக்கத்தில் இருப்பவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பார். (சிரிப்பு) உயிர் வந்து ஏறினால்தான் அது ‘க’. ‘அனிமேஷன்’ என்ற சொல்லுக்கு லத்தீன் மொழி வேரில் பொருள் என்ன தெரியுமா? உயிர், மூச்சு. ஆக, உயிரூட்டல் என்பதுதான் இந்தக் கலையின் பெயரே. அந்த உயிர் எங்கிருந்து வந்தது என்பதுதான் தங்கையே கேள்வி.

ஒரு சின்ன வரலாறு சொல்கிறேன்.

1914. அமெரிக்காவில் வின்சர் மெக்கே என்று ஒருவர். பத்திரிகைக்குப் படம் போடுபவர். ஒரு டைனோசரை ஆயிரக்கணக்கான தாள்களில் வரைந்தார். பெயர் கெர்ட்டி. பின்னணிப் பாறையையும் மரத்தையும் அவருடைய உதவியாளர் ஒரு இளைஞர் ஒவ்வொரு தாளிலும் திரும்பத் திரும்ப நகல் எடுத்தார். அதைப் படமாக்கித் திரையில் ஓடவிட்டு, மேடையில் மெக்கே கையில் சாட்டையோடு நின்றார். “கெர்ட்டி, வெளியே வா!” என்பார். எட்டிப் பார்க்கும். “காலைத் தூக்கு!” என்பார். தூக்கும். ஒரு சமயம் சொன்ன பேச்சைக் கேட்காது. அவர் அதட்டுவார். உடனே கெர்ட்டி, சின்னக் குழந்தை மாதிரி, அழும்!

இப்போது நினைத்துப் பாருங்க. காகிதத்தில் இருக்கிற கோடு நடந்தது என்றால் அது வித்தை. திட்டினால் அழுதது என்றால்? அங்கேதான் மெய் மீது உயிர் ஏறியது. கடைசியில் மெக்கே திரைக்குப் பின்னால் மறைவார்; அதே நொடி திரையில் ஒரு சின்ன மெக்கே தோன்றி, கெர்ட்டியின் முதுகில் ஏறிப் போய்விடுவார். வரைந்தவனே தன் படத்துக்குள் புகுந்துவிட்டான். இதைவிட அழகாக இந்தக் கலையை யாரும் விளக்க முடியாது. (கைதட்டல்)

சரி, எவ்வளவு வேலை என்று கணக்குப் போடுவோமா? சினிமாவில் ஒரு விநாடிக்கு 24 சட்டங்கள். டாம் அண்ட் ஜெர்ரி படம் ஒன்று ஏறக்குறைய 7 நிமிடம். 420 விநாடி. பெருக்கினால் 10,080. ஒரே படத்தை இரண்டு சட்டத்துக்கு வைத்துக்கொண்டால்கூட ஐயாயிரம் படம் வேண்டும். நாம் ஒரு பூனையை ஒழுங்காக வரைந்து முடிப்பதற்குள் அது நாயாகிவிடுகிறது!

அந்த வேலையின் உச்சம் ‘ஸ்னோ ஒயிட்’. 1937 டிசம்பர் 21 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் முதல் காட்சி. வால்ட் டிஸ்னி இந்தப் படத்தோடு ஒழிந்தார் என்று ஊரே பேசிற்று. ஏறக்குறைய 15 லட்சம் டாலர் செலவு. அந்தக் காலத்து 15 லட்சம்! படம் ஜெயித்தது. 1939-இல் டிஸ்னிக்குச் சிறப்பு ஆஸ்கர் கொடுத்தார்கள். பெரிய சிலை ஒன்று, பக்கத்தில் வரிசையாகக் குட்டிச் சிலைகள் ஏழு. ஏன் ஏழு? ஏழு குள்ளர்கள்! கொடுத்தது யார்? குழந்தை நட்சத்திரம் ஷெர்லி டெம்பிள்.

இதுவரை எல்லோரும் சொல்வார்கள். சொல்லாத பக்கம் ஒன்று உண்டு.

ஓவியர் பென்சிலில் வரைந்த படத்தைக் கண்ணாடி மாதிரித் தெரிகிற செல்லுலாய்டு தகட்டில் மையால் நகல் எடுக்க வேண்டும். பிறகு தகட்டைத் திருப்பிப் பின்பக்கம் வண்ணம் தீட்ட வேண்டும். கை நடுங்கினால் திரையில் கோடு துள்ளும். கைரேகை படக்கூடாது என்று வெள்ளைப் பருத்தி உறை மாட்டிக்கொண்டு இந்த வேலையைச் செய்தவர்கள் நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள். படத்தின் தொடக்கத்தில் அவர்கள் பெயர் வந்ததா? இல்லை. 1938-இல் வேலை கேட்டு எழுதிய ஒரு பெண்ணுக்கு அந்த நிறுவனம் அனுப்பிய பதில் இன்றும் இருக்கிறது. கற்பனை வேலையெல்லாம் இளைஞர்களுக்குத்தான், பெண்களுக்கு நகல் எடுப்பதும் வண்ணம் தீட்டுவதும்தான் என்று அதில் எழுதியிருக்கிறது.

நம் வீட்டு வாசலை நினைத்துக்கொள்ளுங்கள். விடிவதற்கு முன்னால் குனிந்து புள்ளி வைத்து, கோடு பிசகாமல் இழுத்து முடிக்கிறாள் ஒருத்தி. அந்தக் கோலத்தின் கீழே கையெழுத்துப் போடுகிறாளா? பத்து மணிக்குள் நாம் அதன்மேல் செருப்போடு நடந்துவிடுகிறோம். அந்தத் தகடுகளின் கதியும் அதுதான். படம் எடுத்து முடிந்ததும் சிலேட்டு அழிப்பது போலக் கழுவி, மறுபடி பயன்படுத்தினார்கள். உழைப்பு அழிந்துபோனது, உயிர் மட்டும் திரையில் தங்கிவிட்டது.

எதிரணி கேட்கும்: “அந்தக் காலம் அவ்வளவு அநியாயமா? அதையா புகழ்கிறீர்கள்?” பழையதெல்லாம் பத்தரை மாற்றுத் தங்கம் என்று சொல்ல நான் வரவில்லை. டாம் அண்ட் ஜெர்ரியிலேயே கறுப்பினப் பெண்ணைக் கேலிச் சித்திரமாக்கிய காட்சிகள் உண்டு. அது தவறு, தவறுதான். 1941-இல் டிஸ்னி ஓவியர்களே வீதிக்கு வந்து வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பளம் மட்டுமல்ல, திரையில் பெயர் போட வேண்டும் என்பதும் அவர்களுடைய குறை. ஸ்னோ ஒயிட்டின் அந்த அழகான, பொல்லாத ராணியை வரைந்த ஆர்ட் பாபிட் சங்கத்தில் முன்னால் நின்றார். அவரை வேலையை விட்டு நீக்கினார்கள். அதுதான் வேலைநிறுத்தத்துக்கே பொறி. அடுத்த வருஷம், 1942-இல், ‘பாம்பி’ படத்தில் ரெட்டா ஸ்காட் என்ற பெண்ணின் பெயர் ஓவியர் வரிசையில் திரையில் வந்தது. அவர் வரைந்தது என்ன? பூவா? பொம்மையா? பாய்ந்து குதறவரும் வேட்டைநாய்க் கூட்டம்! (பலத்த கைதட்டல்)

நான் புகழ்வது அந்தக் காலத்து முதலாளிகளை அல்ல, அய்யா. அந்தக் கைகளை.

டாம் அண்ட் ஜெர்ரிக்கு வருகிறேன். 1940-இல் முதல் படம். அதில் பூனையின் பெயர் டாம் அல்ல, ஜாஸ்பர். வில்லியம் ஹன்னா, ஜோசப் பார்பெரா என்ற இரண்டு பேர் செய்தது. பூனையும் எலியும் 7 ஆஸ்கர் வாங்கின. ஆனால் மேடையேறி வாங்கியவர் தயாரிப்பாளர் பிரெட் க்விம்பி. படைத்தவர்கள் இருவரும் கைதட்டும் இடத்தில். 1957-இல் எம்.ஜி.எம். கம்பெனி கணக்குப் பார்த்தது. பழைய படத்தையே திரும்ப வெளியிட்டால் போதும், புதுசு எதற்கு என்று அந்தப் பிரிவையே மூடிவிட்டது.

இருவரும் தொலைக்காட்சிக்குப் போனார்கள். அங்கே பணம் கொஞ்சம், நேரம் அதைவிடக் கொஞ்சம். என்ன செய்தார்கள்? யோகி கரடியின் கழுத்தில் ஏன் காலரும் டையும் இருக்கிறது என்று யோசித்தீர்களா? கரடிக்கு ஆபீஸா போகணும்? (சிரிப்பு) காலருக்குக் கீழே உடம்பை அப்படியே வைத்துக்கொண்டு, தலையை மட்டும் மாற்றி மாற்றி வரைந்தால் போதும். வேலை மிச்சம். வறுமையிலும் ஒரு வழி கண்டுபிடித்த கை அது. 1960-இல் அதே கம்பெனி ‘பிளின்ட்ஸ்டோன்ஸ்’ கொடுத்தது.

என் அம்மாவுக்கு 80 வயது தாண்டிவிட்டது. காது முழுக்கப் போய்விட்டது. வீட்டில் நாங்கள் சிரித்துப் பேசினால் “என்னடா, என்னடா” என்று முகத்தைப் பார்ப்பாங்க. “ஒண்ணுமில்லம்மா” என்று சொல்லிவிடுவோம். எத்தனை வீட்டில் எத்தனை “ஒண்ணுமில்லம்மா”! ஒரு நாள் என் பேத்தி டாம் அண்ட் ஜெர்ரி பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாங்க. பூனை மிதித்த மண்வெட்டி எழுந்து அதன் மூஞ்சியிலேயே அடித்தது. இரண்டு பேரும் ஒரே நொடியில் சிரித்தார்கள். 4 வயதும் 80 வயதும். ஒருத்திக்கு ஆங்கிலம் தெரியாது, இன்னொருத்திக்கு ஒலியே கிடையாது. யாரும் யாருக்கும் விளக்கிச் சொல்லவில்லை. அடி விழுவதற்கு முன்னால் அந்தப் பூனை அரை விநாடி நம்மைப் பார்க்கிறது பாருங்க, அந்த அரை விநாடியை ஒரு மனுஷன் யோசித்துக் கையால் வரைந்திருக்கிறான். அது என் அம்மாவுக்கு வந்து சேர்ந்துவிட்டது. நான் பெற்ற பிள்ளை. என்னால் சேர்க்க முடியவில்லை.

இப்போது தங்கையின் கணினிக்கு வருகிறேன். 1995 நவம்பரில் ‘டாய் ஸ்டோரி’. முழுக்கக் கணினியில் செய்த முதல் முழுநீளப் படம். அருமையான படம்; நானும் பேத்தியோடு பார்த்தேன். ஆனால் 1993 நவம்பரில் என்ன நடந்தது? அதுவரை செய்ததைப் போட்டுப் பார்த்தார்கள். கதாநாயகன் உட்டி வாயைத் திறந்தால் குத்தல், ஏளனம். யாருக்கும் அவனைப் பிடிக்கவில்லை. வேலையை நிறுத்திவிட்டுக் கதையைத் திருத்தி எழுதினார்கள். கணினி அன்றும் இருந்தது, தங்கையே! உயிர்தான் இல்லை.

1998. ‘டாய் ஸ்டோரி 2’ வேலை நடக்கிறது. யாரோ தவறாகக் கொடுத்த ஒரு கட்டளை. படத்தின் பெரும்பகுதி கண்ணெதிரே அழிகிறது. பாதுகாப்புக்கு எடுத்து வைத்த பிரதியும் சரியாக இல்லை. அப்போது கேலின் சஸ்மன் என்ற பெண்மணிக்கு ஞாபகம் வருகிறது. பிரசவமாகிக் கைக்குழந்தையோடு வீட்டிலிருந்தே வேலை பார்த்ததால் ஒரு பிரதி வீட்டுக் கணினியில் இருக்கிறது! ஓடிப்போய், அந்தக் கணினியைப் போர்வையில் சுற்றி, காரின் பின்சீட்டில் வைத்துக் கொண்டுவந்தார்கள். இன்னொரு குழந்தையைக் கொண்டுவருவது போல. இன்னும் கேளுங்கள். அப்படிக் காப்பாற்றிய படத்தையும், கதை சரியில்லை என்று பிறகு தாங்களே பிரித்துப் போட்டுப் பெரும்பாலும் புதிதாகச் செய்தார்கள். 1999-இல் வெளிவந்தது. இயந்திரம் அழித்ததை ஒரு தாயின் வீடு மீட்டது. மீட்டதையும் மனசாட்சி திருத்தியது. இதில் கணினிக்கு எங்கே பாராட்டு?

கையால் வரையும் காலம் முடிந்துவிட்டது என்றாங்க. ஜப்பானில் மியாசாகி பெரும்பாலும் கையால் வரைந்த படங்களைக் கொண்டே செய்த ‘ஸ்பிரிட்டட் அவே’ 2001-இல் வந்தது; 2003-இல் ஆஸ்கர் வாங்கியது. அவருடைய ‘தி பாய் அண்ட் தி ஹெரான்’ 2024-இல் மறுபடி வாங்கியது. அப்போது அவருக்கு வயது 83!

கடைசியாக ஒன்று. பக்ஸ் பன்னி முயலுக்குக் குரல் கொடுத்தவர் மெல் பிளாங்க். 1961 ஜனவரியில் கார் விபத்து. நினைவே இல்லை. மகன் கூப்பிடுகிறான், மனைவி கூப்பிடுகிறாள், பதில் இல்லை. நாட்கள் வாரங்களாயின. ஒரு டாக்டர் கடைசியில், “பக்ஸ் பன்னி, இன்றைக்கு எப்படி இருக்கிறாய்?” என்று கேட்டார். கட்டிலில் கிடந்தவர் வாயிலிருந்து முயலின் குரல் வந்தது! உடம்பு முழுக்க மாவுக்கட்டோடு படுத்துக்கொண்டே பிளின்ட்ஸ்டோன்ஸுக்குக் குரல் கொடுத்தார். அதன் பிறகு 28 வருஷம் வாழ்ந்தார். அவர் அந்த முயலுக்கு உயிர் கொடுத்தார் என்றுதான் ஊர் நினைத்தது. அந்த முயல் அவருக்கு அதைத் திருப்பிக் கொடுத்தது. (நீண்ட கைதட்டல்)

ஆகவே நடுவர் அவர்களே! 23 லட்சம் முடி ஆடுகிறது, ஒப்புக்கொள்கிறேன். முடி ஆடினால் போதுமா? மனம் ஆட வேண்டாமா? அந்த ‘மான்ஸ்டர்ஸ் இன்க்’ படத்திலேயே நம் கண் கலங்குவது முடி ஆடும்போதா? அந்தப் பூதம் சின்னப் பெண் குழந்தையைப் பிரியும்போது. திட்டினால் அழுத கெர்ட்டியின் கண்ணீர்தான் அது. 1914-இல் புறப்பட்டு அங்கே வந்து சேர்ந்திருக்கிறது. புதுப் படத்தில் எது மனத்தில் நிற்கிறதோ அது பழைய சொத்து. மெய் புதிது, உயிர் பழையது.

தாய்மார்களுக்கு ஒரே விண்ணப்பம். படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது அணைக்காதீர்கள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு பெயரையாவது படித்துக் காட்டுங்கள். அந்த நான்கு எழுத்துக்காக வீதியில் நின்றவர்கள் உண்டு. அது வராமலே போய்ச் சேர்ந்தவர்கள் அதைவிட அதிகம். வீட்டில் காது கேளாத பெரியவர் இருந்தால், அவரையும் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

தீர்ப்பை எங்கள் அணிக்குச் சொல்லுங்கள், நடுவர் அவர்களே. சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, வீட்டில் என் அம்மா ஏற்கனவே சொல்லிவிட்டாங்க.